பரந்து கிடப்பதா, பரப்பிப் போட்டதா? ‘ஸ்ப்ரால்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். அவர்களுடைய ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. முதல் வரியிலேயே ‘ஸ்ப்ராலிங் மேன்ஷன்’ என்று இருந்தது. அகராதியைப் பார்த்தேன், ‘ஒழுங்கின்றிப் பரவுதல்’ என்று போட்டிருந்தது, நானும் இரவு பதினொரு மணித் தூக்கக் கலக்கத்தில் ‘ஒழுங்கின்றிப் பரவிக் கிடக்கும் மாளிகை’ என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்கார ஆச்சி வரச்சொன்னார். வளவில், அதாவது நடுமுற்றத்துக் கட்டில், தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். “ஏம்ப்பா, எங்க ஐயா கட்டுன வீடு ஒழுங்கில்லாமயா கெடக்கு? முகப்புல போய் நின்னு பாரு, பின்வாசல் தெரியுதா இல்லையா?” என்றார். போய் நின்று பார்த்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று வாசலுக்கு வாசல் நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. கடைசியில் தபால்தலை அளவுக்குப் பின்தெரு வெளிச்சம் தெரிந்தது. ஒழுங்கில்லை என்று எழுத இந்த ஊரில் வேறு எந்த வீடும் கிடைக்கவில்லையா எனக்கு!

அகராதி பொய் சொல்லவில்லை, பாதி மட்டும் சொன்னது. இந்தச் சொல்லுக்குள் ‘அகலமாகப் பரவியிருத்தல்’, ‘அதில் ஒழுங்கு இல்லாதிருத்தல்’ என்று இரண்டு சமாசாரம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமந்துகொண்டு, இடத்துக்குத் தக்கபடி ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்கும். தமிழில் அப்படி ஒரே சொல் கிடையாது, தேடவும் வேண்டாம். எதற்கு எடை அதிகம் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குத் தக்க வினையை எடுக்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: சொல்லைக் காதில் வாங்குங்கள்

எஸ், பி, ஆர், ஏ, டபிள்யூ, எல். உச்சரிப்பு ‘ஸ்ப்ரால்’, கிரிக்கெட் பந்தைச் சொல்லும் ‘பால்’ என்பதோடு ஓசை ஒத்து முடியும். ‘ஸ்ப்ரௌல்’ என்று சொல்லிப் பழகியவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். வினையாகவும் வரும், பெயராகவும் வரும். இறந்தகாலம் ‘ஸ்ப்ரால்ட்’, பெயருக்கு முன்னால் அடையாக நிற்கும்போது ‘ஸ்ப்ராலிங்’.

ஒரே ஓசையில் முடியும் வேறு மூன்று சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். ‘ஸ்க்ரால்’ என்றால் கோழி கிளறியது போன்ற கிறுக்கல் கையெழுத்து. (கைப்பேசித் திரையை விரலால் தள்ளுகிறோமே, அதையும் தமிழில் ‘ஸ்க்ரால்’ என்றே எழுதுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் அது வேறு எழுத்து, வேறு உச்சரிப்பு.) ‘ட்ரால்’ என்றால் சொல்லை இழுத்து இழுத்துப் பேசுவது. ‘க்ரால்’ தவழ்வது. கையெழுத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஸ்ப்ரால்’, ‘ஸ்க்ரால்’ இரண்டுமே வரும் என்பதுதான் கொஞ்சம் தொல்லை. எழுத்து பெரிதுபெரிதாகக் கோட்டை விட்டு வழிந்து பக்கம் முழுக்கப் பரவினால் முன்னது, அவசரத்தில் கிறுக்கி யாராலும் படிக்க முடியாமல் போனால் பின்னது.

இரண்டாம் படி: உடம்பிலிருந்து தொடங்குங்கள்

இந்தச் சொல்லின் வேர் ஊரிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் கைகாலை உதறித் துடிப்பதைக் குறித்த ஒரு வினையிலிருந்து வந்தது. இன்றைக்கும் அதன் முதல் பொருள் உடம்பைச் சார்ந்ததுதான். கைகால் நாலு பக்கமும் போக, உட்கார்ந்திருப்பது, படுத்திருப்பது, விழுந்து கிடப்பது.

இதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது, அகராதிக்காரர்கள் அதை உள்ளே விடத் தயங்குவார்கள், அவ்வளவுதான்: பப்பரக்கா. “பப்பரக்கான்னு படுத்திருக்கான் பாரு” என்று எந்த வீட்டிலும் சொல்லுவார்கள். மே மாத மத்தியானம், வளவைச் சுற்றின பத்தியில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் வெறும் முதுகைக் கொடுத்து, ஒரு கால் தூணில், ஒரு கால் கல்லில், ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை எங்கே என்று அவனுக்கே தெரியாமல் ஒரு பயல் தூங்குகிறானே, அதுதான் ‘ஸ்ப்ரால்’. எழுத்தில் வேண்டுமானால் ‘கைகாலைப் பரப்பிக்கொண்டு’ என்று எழுதலாம், இலக்கணமும் கெடாது, காட்சியும் கெடாது.

‘நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்’ என்று எழுதினால் அது வேறு. அங்கே நீளம் இருக்கிறது, அகலம் இல்லை, கால் இரண்டும் ஒட்டித்தான் இருக்கும். ‘மல்லாந்து கிடந்தார்’ என்பது முதுகு தரையில் பட்டதை மட்டும் சொல்லும். ‘ஸ்ப்ரால்’ குப்புறவும் நடக்கும், நாற்காலியிலும் நடக்கும்.

இன்னொரு வழக்கு, ‘சென்ட் ஸ்ப்ராலிங்’ என்று வரும். ஒருவரை இடித்தோ தள்ளியோ கைகால் விரிய விழவைப்பது. பொங்கல் முடிந்த கையோடு சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பொட்டலில் மாடு ஒரு சுற்றுச் சுற்றிக் கொம்பை ஆட்டியதும், திமிலைத் தொடலாம் என்று கிட்டே போனவர் பத்தடி தள்ளிப் புழுதியில் விழுந்து கிடப்பார், செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். ‘மாடு தட்டிவிட்டதில் கைகால் விரிய விழுந்தார்’ என்று எழுதுங்கள். இங்கே ‘பரவினார்’ என்று யாராவது எழுதினால் சிரிப்புத்தான் வரும். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் கலந்த போட்டிகளைப் பார்க்கிற பிள்ளைகள் ‘ஸ்ப்ரால்’ என்பதை ஒரு தற்காப்பு முறையாகவும் கேட்டிருப்பார்கள். எதிராளி காலைப் பிடிக்கக் குனிந்து பாயும்போது, இரண்டு காலையும் பின்னால் எறிந்து அவர்மேல் உடம்பை அழுத்துவது. அந்த இடத்தில் சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: பூசணிக்கொடியா, சிதறுகாயா?

இந்தச் சோதனை நானே எனக்காகச் செய்துகொண்டது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓங்கி அடித்ததும் சில்லு சில்லாகப் போகும். ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் அதன் பிறகு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு பொருள் பலவாகி, அல்லது பல பொருள்கள் தனித்தனியாகி, ஆளுக்கொரு திசையில் போனால் அது ‘ஸ்கேட்டர்’. தமிழில் சிதறுதல். தரையை மூடுகிற அளவுக்கு விழுந்து கிடந்தால் ‘ஸ்ட்ரூ’, தமிழில் இறைந்து கிடத்தல். விழுந்து கிடப்பது குப்பை என்றால் ‘லிட்டர்’.

பூசணிக்கொடி அப்படியல்ல. கொல்லையில் ஒரே இடத்தில்தான் வேர். ஆனால் ஒரு கை கிணற்றடிக்குப் போயிருக்கும், ஒரு கை அடுத்த வீட்டுச் சுவரில் ஏறியிருக்கும், இன்னொன்று துவைக்கிற கல்லைச் சுற்றியிருக்கும், யாரையும் கேட்காமல் எங்கெங்கோ போனாலும் எல்லாம் ஒரே செடி. ‘ஸ்ப்ரால்’ என்பது இதுதான். உடம்புக்கும் இதே கதை, கைகால் எங்கே போனாலும் ஆள் ஒன்றுதான்.

ஆக, பரவியது ஒரே பொருளா, பல பொருளா என்று கேளுங்கள். ஒன்று என்றால் பரவு, படர், விரி, பரப்பு என்ற குடும்பத்துக்குள் போங்கள். பல என்றால் சிதறு, இறை, கலை என்ற குடும்பம். ‘மேசைமேல் காகிதங்கள் ஸ்ப்ரால் ஆகிக் கிடந்தன’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், எழுதியவர் அந்தக் காகிதக் குவியலை ஒரே உடம்பாகப் பார்க்கிறார், அது கையை நீட்டி மேசையைப் பிடித்துக்கொண்டது மாதிரி. தமிழில் அதற்கு ஒரு அழகான வழக்கு இருக்கிறது, பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் போட்ட பிள்ளையைப் பார்த்து எல்லா அம்மாக்களும் சொல்வது: “என்னடா, கடை பரப்பி வச்சிருக்க?”

கடை பரப்புவது என்றதும் இன்னொன்று. நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பது வழக்கம். எவர்சில்வர் ஒரு வரிசை, பித்தளை ஒரு வரிசை, ஓலைக் கொட்டான் ஒரு வரிசை, எண்ணிக்கை பிசகாமல், வந்தவர்கள் நடந்து பார்க்க நடுவில் வழிவிட்டு வைப்பார்கள். கூடம் முழுக்கப் பரப்பியிருக்கும், ஆனாலும் அது ‘ஸ்ப்ரால்’ இல்லை. பரப்பு இருக்கிறது, கலைசல் இல்லை. அதற்கு ‘ஸ்ப்ரெட் அவுட்’ அல்லது ‘லெய்ட் அவுட்’ போதும். அதே சாமான்களைக் கல்யாணம் முடிந்த ராத்திரி, அட்டைப்பெட்டி கிடைக்காமல், எதை எதில் போடுவது என்று தெரியாமல் ஆளாளுக்கு இழுத்துப் போட்டிருக்கும்போது வந்து பாருங்கள், அப்போது இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நான்காம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒத்தசொல் பட்டியலில் இதற்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து சொற்கள் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்று என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

மிக நெருங்கினது ‘ஸ்ட்ராகில்’. இதுவும் ஒழுங்கில்லாமல் பரவுவதுதான், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும், மெலிந்திருக்கும், பின்தங்கலும் இருக்கும். குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். காவடிகள் முன்னால் கூட்டமாகப் போய்விடும். பின்னால் காலில் கொப்புளம் வந்தவர், வழியில் டீ குடிக்க நின்றவர், பேரனைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடப்பவர் என்று இங்கே இரண்டு பேர், அரை மைல் தள்ளி மூன்று பேர். இவர்கள் ‘ஸ்ட்ராக்லர்’கள். ‘அங்கொருவர் இங்கொருவராகப் பின்தங்கி வந்தார்கள்’ என்று எழுதலாம். முடிக்கும் தாடிக்கும்கூட இந்தச் சொல் வரும். அதற்குத் தமிழில் யோசிக்கவே வேண்டாம், பரட்டை.

‘ராம்ப்ளிங்’ என்பது திட்டம் இல்லாமல் போகிற போக்கில் வளர்ந்தது. முதலில் ஒரு அறை, அப்புறம் மகன் கல்யாணத்துக்கு ஒரு அறை, அப்புறம் பின்னால் ஒரு சாய்ப்பு என்று சேர்த்துக்கொண்டே போன வீட்டுக்குப் பொருந்தும். வளவளவென்று போகும் பேச்சுக்கும் இதே சொல்தான். ஆனால் ‘ஸ்ப்ரால்’ பேச்சுக்கு அவ்வளவாக வராது. பெரிய நாவலுக்கு வரும், பல தலைமுறை, பல ஊர், நூறு பாத்திரம் என்று விரிந்து போகிற நாவலை ‘ஸ்ப்ராலிங் நாவல்’ என்பார்கள், அதில் பாதி பாராட்டு, பாதி முணுமுணுப்பு.

உடம்புப் பொருளில் மூன்று பங்காளிகள் உண்டு. ‘லவுஞ்ச்’ என்றால் சுகமாகச் சாய்ந்திருப்பது. ‘லால்’ என்றால் தொய்ந்துபோய் சோம்பலாகச் சாய்வது, நாய் நாக்கைத் தொங்கவிடுவதற்கும் இதுதான். ‘ஸ்லவுச்’ என்றால் தோளைத் தொங்கப்போட்டுக் கூனி உட்காருவது. மூன்றிலும் அகலம் கிடையாது. ‘ஸ்ப்ளே’ என்பதில் மட்டும் அகலம் உண்டு, விரலையோ காலையோ அகட்டி வைப்பது.

கடைசியாக, பட்டியலில் இருக்கவே கூடாத ஒன்று: ‘க்ளட்டர்’. இது அடைசல். ஒழுங்கின்மை உண்டு, பரவல் இல்லை, இருக்கிற இடத்துக்குள்ளேயே நெருக்கியடித்துக் கிடப்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் போயிருக்கிறீர்களா? எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், மரப்பாச்சி, கதவு நிலை, ஜப்பான் பீங்கான் எல்லாம் உத்தரம் வரைக்கும் ஏறி நிற்கும், பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும். கடைக்குள் இருப்பது ‘க்ளட்டர்’. அதே சாமான் வாசலைத் தாண்டி, படியில் இறங்கி, தெருவில் பாதியைப் பிடித்துக்கொண்டால் அந்த இடத்திலிருந்து ‘ஸ்ப்ரால்’. ஒரே கடையில் இரண்டு சொல்லும் எங்கே கைமாறுகின்றன என்று நின்று பார்க்கலாம்.

‘அலங்கோலம்’ என்ற சொல்லையும் பலர் இதற்குப் போடுகிறார்கள். நல்ல சொல்தான். நடுவீட்டுக்கோலம் போடுகிற ஊரில் அந்தச் சொல்லுக்குக் கூடுதலாக ஒரு உறைப்பும் இருக்கிறது. ஆனால் அதில் கண்டிப்பு தூக்கலாக இருக்கும், பரப்பு தெரியாது. ஒரு சின்ன அலமாரிகூட அலங்கோலமாக இருக்க முடியும்.

ஐந்தாம் படி: ஊர், நிலம் என்று வரும்போது

செய்தித்தாளில் இந்தச் சொல்லை அதிகம் பார்ப்பது ‘அர்பன் ஸ்ப்ரால்’ என்ற தொடரில்தான். நகரம் திட்டமில்லாமல், அடர்த்தியும் இல்லாமல், சுற்றியுள்ள வயலையும் கண்மாயையும் தின்றுகொண்டு வெளியே வழிவது. நகரைப் பற்றி இச்சொல்லைப் பயன்படுத்தியவர்களில் முன்னோடியாக, 1937-இல் பேசிய ஏர்ல் டிரேப்பர் என்ற அமெரிக்கத் திட்ட வல்லுநரைச் சொல்வார்கள். அதற்கு முன்பே பிரிட்டனில் சாலையோரமாகவே வீடுகள் வரிசையாக நீண்டுகொண்டு போனதைத் தடுக்க 1935-இல் ஒரு சட்டம் போட்டார்கள், அந்த வகை வளர்ச்சிக்கு நாடாவைக் குறிக்கும் ‘ரிப்பன்’ என்ற பெயர். இரண்டும் உறவுதான், ஆனால் நாடா நீளவாக்கில் போகும், ‘ஸ்ப்ரால்’ எல்லாப் பக்கமும் போகும்.

செட்டிநாட்டில் ஒழுங்காக வளர்ந்த ஊரையும் ‘ஸ்ப்ரால்’ ஆன ஊரையும் எதிரெதிராக வைத்துப் பார்க்க முடியும். பழைய ஊர்களில் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேராக ஓடுகின்றன, ஊருணியும் கோயிலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஊர் பெரிதுதான், ஆனால் வழியவில்லை. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியின் வெளிச் சாலைகளில் வண்டியை விட்டுப் பாருங்கள். மனைக் கல், ஒரு கல்யாண மண்டபம், நாலு ஏக்கர் சீமைக்கருவேலம், திடீரென்று ஒரு மூன்று மாடி, அப்புறம் மறுபடி கருவேலம், ஒரு பரோட்டாக் கடை. அதற்குத்தான் அந்தச் சொல். தமிழில் ‘நகரப் பரவல்’ என்று எழுதுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. நோய்ப் பரவல் மாதிரி ஒலிக்கிறது, ஒழுங்கின்மையும் தெரியவில்லை. கட்டுரை என்றால் ‘வரைமுறையற்ற நகர விரிவு’ என்று எழுதுவேன். பேச்சு என்றால் ‘ஊர் கண்டபடி வீங்குது’ என்பேன், எனக்குப் பிடித்தது இதுதான்.

சீமைக்கருவேலத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும். அங்கே ‘படர்ந்து’ என்று போடாதீர்கள். படர்வது மல்லிகை, அவரை. அதில் ஒரு செல்லம் இருக்கிறது. கருவேலம் ‘மண்டிக் கிடக்கிறது’.

ஆறாம் படி: திட்டா, பாராட்டா?

நான் வழுக்கிய இடம் இதுதான். ‘ஸ்ப்ராலிங்’ என்று அடையாக வரும்போது, குறிப்பாக வீடு, தோட்டம், வளாகம், பண்ணை இவற்றுக்கு முன்னால், ஒழுங்கின்மை பெரும்பாலும் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது பிரம்மாண்டம் மட்டும். சுற்றுலாக்காரர்கள் எழுதுவதெல்லாம் இந்தப் பொருளில்தான். அங்கே ‘பரந்து விரிந்த’ என்பது சரியான தமிழ். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த தொடர், இருந்தாலும் சரியானது.

அடையாக வந்தாலும் ‘சேரி’, ‘கடைத்தெரு’, ‘நகர்ப்புறம்’ என்று பின்னால் வந்தால் திட்டு திரும்பி வந்துவிடும். வினையாக வந்தால் பெரும்பாலும் ஒழுங்கின்மை உண்டு. பெயர்ச்சொல்லாக, முன்னால் ‘அர்பன்’ என்று வந்தால் அது குறைசொல்வதுதான், சந்தேகமே வேண்டாம். அந்தத் தொடரில் பன்மை ஆக்க மாட்டார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த வினைக்குப் பின்னால் எந்த ஆங்கில இடைச்சொல் வரும் என்பதையும் பாருங்கள். தரையிலோ சோபாவிலோ கிடப்பதற்கு ‘ஆன்’ வரும். ஒரு பரப்பைக் குறுக்கே ஆக்கிரமித்தால் ‘அக்ராஸ்’ அல்லது ‘ஓவர்’. ஒரு எல்லையைத் தாண்டிப் போனால் ‘பியாண்ட்’. தமிழில் இவற்றை ‘மீது’, ‘குறுக்காக’, ‘தாண்டி’ என்று இழுத்து எழுத வேண்டியதில்லை. ‘கட்டிலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தான்’ என்று எழுதினாலே ‘அக்ராஸ்’ உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

ஏழாம் படி: கைவைத்துப் பாருங்கள்

மூன்று வாக்கியம் தருகிறேன், முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். ‘பூனை செய்தித்தாள்மேல் ஸ்ப்ரால் ஆகியிருந்தது.’ ஒரே உடம்பு, திட்டு இல்லை: ‘பூனை செய்தித்தாளை அடைத்துக்கொண்டு கைகாலைப் பரப்பிக் கிடந்தது.’ அடுத்தது, ‘சந்தை ஸ்ப்ரால் ஆகிச் சாலைக்கு வந்துவிட்டது.’ சந்தை ஒரே உடம்பு, எல்லை தாண்டுகிறது, எரிச்சலும் இருக்கிறது: ‘சந்தை வழிந்து சாலைக்கு வந்துவிட்டது.’ மூன்றாவது கொஞ்சம் வம்பு. ‘அவருடைய ஸ்ப்ராலிங் குடும்பம் மலேயாவிலும் பர்மாவிலும் இருந்தது.’ இங்கே ஒழுங்கின்மை கிடையாது, வீட்டைப் போல அளவும் கிடையாது, பூசணிக்கொடிதான். வேர் ஒரு வளவில், கிளை கடல் தாண்டி. ‘மலேயா, பர்மா என்று கிளைவிட்ட குடும்பம்’ என்று எழுதினேன். ‘சிதறிய குடும்பம்’ என்று எழுதினால் ஏதோ சண்டை வந்து பிரிந்துபோன மாதிரி ஆகிவிடும். இங்கே பல வீடுகளில் பாட்டனார் கொண்டுவிற்கப் போன இடம் அது, அதைச் சிதறல் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

ஆச்சி வீட்டுப் பிரசுரத்தை எப்படி மாற்றினேன் என்று கேட்பீர்கள். ‘பரந்து விரிந்த மாளிகை’ என்று எழுதிக்கொண்டு போனேன். ஆச்சி அதையும் வாசித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லா வீட்டுக்காரங்களும் இதைத்தான் போடுறாங்க” என்றார். பேனாவை வாங்கி, அடித்துவிட்டு, அவரே எழுதிக் கொடுத்தார்: ‘இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு.’ அதுதான் அச்சாகியிருக்கிறது.